மாத்திரை மட்டும் போதாதா, டாக்டர் அம்மா?

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 19 வயது. பாம்பன் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம். மதுரையில் விடுதியில் தங்கி பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மாசி மாதம் முழுக்க இருமலும் மாலைக் காய்ச்சலுமாக இருந்து, எடை 36 கிலோவுக்கு இறங்கியது. சளிப் பரிசோதனையில் நுரையீரல் காசநோய் என்றார்கள். இரண்டு மாத மருந்து முடிந்துவிட்டது. இப்போது சளியில் கிருமி இல்லை, எடை 40.

உடம்பு தேறிவிட்டது, மனம்தான் தேறவில்லை. இது மீன்பிடித் தடைக்காலம். அப்பா போகும் விசைப்படகு கரையில் கிடக்கிறது. எதிர்வீட்டு மதினி தினமும் முட்டை கொடுத்துவிடுகிறார். அவர்கள் வீட்டிலும் வருமானம் கிடையாது. ஊட்டச்சத்துப் பெட்டி கொடுத்தவர்கள் என்னை நடுவில் நிறுத்திப் படம் எடுக்க வந்தார்கள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். "நன்றி கெட்டவள்" என்று அம்மா திட்டினார். அறைத் தோழிகள் இருவரிடமும் மஞ்சள் காமாலை என்றுதான் சொல்லியிருக்கிறோம். சுகாதாரப் பணியாளர் கேட்டபோதும் அவர்கள் பெயரைச் சொல்லவில்லை. அவர்களோ எனக்காகப் பாடக் குறிப்புகளைக் கையால் எழுதி, படம் எடுத்து அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அடுத்த மாதம் என்னையும் புதிய தூக்குப் பாலத்தையும் பார்க்க ரயிலில் வருகிறார்களாம். வர வேண்டாம் என்று சொல்லிவிடு என்கிறார் அம்மா.

நோயைக் குணப்படுத்துவது மாத்திரைதானே? அதை நான் தவறாமல் போடுகிறேன். பிறகு எதற்கு இத்தனை பேருடைய தயவு? இந்தக் கடனையெல்லாம் எப்படித் தீர்ப்பேன்?

பெயர் வேண்டாம், இராமநாதபுரம் மாவட்டம்

பதில்:

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டவை இரண்டு எண்கள்: 36, 40. நெஞ்சக நோய் மருத்துவர்களுக்கு இது தொழில்புத்தி. நோயாளி அழுதுகொண்டிருந்தாலும் எங்கள் கண் எடை மேடையில்தான் இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. ஜார்க்கண்டில் 2,800 காசநோயாளிகளுக்கு மருந்தோடு மாதாமாதம் உணவுப் பொருளும் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2023இல் வெளியானது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 விழுக்காடு கூடியவர்களிடையே இறப்பு அபாயம் 61 விழுக்காடு குறைவாக இருந்தது. உனக்கு 5 விழுக்காடு என்றால் 1.8 கிலோ. நீ 4 கிலோ ஏறியிருக்கிறாய். மருந்து கிருமியை அடக்கிப் பசியைத் திருப்பிக் கொடுத்தது, சரி. அந்தப் பசிக்கு முட்டை கொடுத்தது யார்?

உன் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. மீதியையும் சொல்கிறேன்.

கிருமியைக் கொல்வது மாத்திரைதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பக்கத்து வீட்டு அன்பைப் பார்த்து எந்தக் காசநோய்க் கிருமியும் செத்ததில்லை. ஆனால் இந்தக் கிருமி மிகவும் மெதுவானது. மற்ற கிருமிகள் பல அரை மணி நேரத்தில் இரண்டாகப் பிளக்கும்போது இது ஒருமுறை பிளக்க ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். சில கிருமிகள் அசையாமல் பதுங்கியே கிடக்கும். அதனால்தான் 168 நாள் மருந்து. முதல் 56 நாள் நான்கு மருந்துகள், அடுத்த 112 நாள் மூன்று மருந்துகள். நீ முதல் பகுதியைத் தாண்டிவிட்டாய். இனிமேல் வருவதுதான் சிக்கலான காலம். இருமல் நின்றுவிட்டது, காய்ச்சல் இல்லை, முகத்தில் களை வந்துவிட்டது, சளியும் சுத்தம். இனி எதற்கு மாத்திரை என்று தோன்றும். என்னிடம் வந்து பாதியில் மருந்தை விட்டவர்கள் பெரும்பாலும் உடம்பு மோசமான நாளில் விட்டவர்கள் அல்லர். நன்றாக இருந்த நாளில் விட்டவர்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐ.டி.ஐ. மாணவன் வந்தான். அப்பா இல்லை. அம்மா கடல்பாசி எடுக்கிறவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு விடியற்காலையிலேயே தண்ணீரில் இறங்கிவிடுவார். மகன் மாத்திரை போட்டானா என்று பார்க்க வீட்டில் ஆள் கிடையாது. மூன்றாவது மாதம் அவன் மருந்தை நிறுத்திவிட்டான். அவனைப் பிடித்தது நானோ என் பணியாளர்களோ இல்லை, பேருந்து நிறுத்தத்தில் தேநீர்க் கடை வைத்திருந்தவர். "என் எதிரில் மாத்திரையைப் போடு. போடாவிட்டால் காசு கொடுத்தாலும் உனக்கு டீ கிடையாது" என்று சொல்லிவிட்டாராம். வெறும் வயிற்றில் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்து டீயும் பன்னும். அதற்குள் பேருந்து வந்துவிட்டால் பன்னைத் தாளில் கட்டிக் கொடுப்பார். கடையின் பலகைத் தட்டியில் நாளுக்கு ஒரு கோடு, சாக்பீஸில். மழைச்சாரலில் கோடுகள் அழிந்தால் எண்ணிப் பார்த்து மறுபடி போடுவார். சிகிச்சை முடிந்த அன்று அந்தப் பையன் என்னிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "அவர் ஒருநாள்கூட உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை டாக்டர். அதுதான் எனக்குப் பிடித்தது."

நீ எழுதுகிறாயே தயவு என்று, அது இங்கே எங்கே இருக்கிறது? அந்தக் கடைக்காரர் அவனுக்கு இரக்கம் காட்டவில்லை. ஒரு வேலையை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகில் இருந்து பார்த்துக்கொள்பவர் என மருத்துவத்தை நான்காகப் பிரிப்பது நம் பழைய கணக்கு. அந்த நான்காவது ஆளுக்கு 'உழைச்செல்வான்' என்று பழந்தமிழில் பெயரே உண்டு. மற்ற மூன்றுக்கும் கொடுத்த அதே இடத்தை நம் முன்னோர் இந்த ஆளுக்கும் கொடுத்தார்கள். மருத்துவமனைக்காரர்களாகிய நாங்கள்தான் அவரைப் 'பார்வையாளர் நேரம் முடிந்தது' என்று வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு அல்ல. நம் சென்னையிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1956இல் அங்கே ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது. காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்தே ஆக வேண்டும் என்று உலகமே நம்பிய காலம் அது. 193 நோயாளிகளை இரண்டு பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குச் சானடோரியம், கட்டில், நல்ல சாப்பாடு, ஓய்வு. மறு பகுதிக்கு அவரவர் வீடு. நெருக்கடியான வீடு, கிடைத்த சாப்பாடு. இரண்டு பகுதிக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. 1959இல் வந்த முடிவில் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். அவர்கள் வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு வந்தது அதன் பிறகுதான். "அப்படியானால் நல்ல சாப்பாடுகூட வேண்டாம், மருந்து போதும் என்றுதானே பொருள்?" என்று நீ மடக்கலாம். மருந்து வலுவானது என்று அதற்குப் பொருள். கூடவே, அந்த மருந்தை ஓராண்டு நாள் தவறாமல் வயிற்றுக்குள் சேர்க்கும் வேலையை ஒரு சாதாரண வீட்டால் செய்ய முடியும் என்றும் பொருள்.

இனிக் கடனுக்கு வருவோம்.

உன் அப்பாவிடம் ஒன்று கேட்டுப் பார். என்ஜின் நின்று, படகு நடுக்கடலில் கிடந்த இரவு அவருக்கும் வந்திருக்கும். பக்கத்தில் தொழில் செய்த படகு வலையைச் சுருட்டிவிட்டு வந்து கயிறு வீசியிருக்கும். அன்றைய மீன்பாடும் டீசலும் அவர்களுக்கு நட்டம். வேறொரு நாள் உன் அப்பா போன படகு இன்னொரு படகுக்குக் கயிறு வீசியிருக்கும், அது வேறு யாருடைய படகாகவோ இருந்திருக்கும். இழுத்து வந்தவர்களுக்கே திருப்பி இழுத்துவிட வேண்டும் என்று கரையில் யாரும் கணக்கு எழுதி வைப்பதில்லை. ஆனால் இழுபடும் படகுக்கும் ஒரு வேலை உண்டு. ஒருவர் சுக்கானைப் பிடித்து, முன்னால் போகும் படகுக்கு நேராக வைத்துக்கொள்ள வேண்டும். படுத்துத் தூங்கினால் படகு அலைந்து கயிறு அறுந்துவிடும். உன் வேலை இப்போது அதுதான். தினமும் மாத்திரை, மாதம் ஒரு முறை எடை, கண் பார்வையோ நிறமோ மங்கினால், கண் மஞ்சளானால், விடாமல் வாந்தி வந்தால் அன்றே மருத்துவமனை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பயப்படாதே, அது நீ சாப்பிடும் ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம்.

மதினியின் முட்டை. அதை மறுக்காதே. உனக்குச் சங்கடமாக இருந்தால் அவரிடம் நேராகப் பேசு: "தடைக்காலம் முடியும் வரை வாரத்தில் மூன்று நாள் போதும் மதினி." ஜூன் 14 வரைதானே. காசநோயாளிகளுக்கு அரசு தரும் ஊட்டச்சத்துத் தொகை உன் வங்கிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்றும் பார். 2018இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கியது, 2024 நவம்பரிலிருந்து 1,000. வரவில்லையென்றால் மாத்திரை வாங்கும் இடத்திலேயே கேள். அது தயவு அல்ல, உனக்கு உரியது. பதிலுக்கு மதினியின் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். இப்போது வேண்டாம். மத்தியானம் தூங்கு.

படம் எடுக்க வந்தவர்கள் விஷயத்தில் நான் உன் பக்கம். பெட்டியை வாங்கிக்கொள்ள வேண்டும், படத்துக்கு நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. இது இரண்டும் ஒரே பேச்சு என்று யார் சொன்னது? பெட்டி கொடுக்கும் அந்தத் திட்டத்தில் உதவி பெறுவதற்கே நோயாளியின் சம்மதம் கேட்க வேண்டும். நோயாளியின் முகத்தை ஊருக்குக் காட்ட யாருக்கும் உரிமை கிடையாது. பருப்பும் கடலையும் எண்ணெயும் கொடுத்தவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். கொடுத்த கையும் கேமராவும் சேர்ந்தே வந்ததுதான் தவறு. அடுத்த முறை கதவைச் சாத்தாமல், "பொருளுக்கு நன்றி, படம் வேண்டாம்" என்று திண்ணையில் நின்றே சொல். இந்தப் பத்தியை அம்மாவிடம் படித்துக் காட்டு. 'நன்றி கெட்டவள்' என்ற சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்படி நான் கேட்டதாகவும் சொல்.

அன்பாகக் கொடுப்பதிலும் ஆகாதது உண்டு. மண்டபம் பக்கத்திலிருந்து ஒரு பையனை இரவு எட்டு மணிக்குத் தூக்கி வந்தார்கள். முகமும் கழுத்தும் செக்கச்செவேல் என்று சிவந்து, தலை வெடிக்கும் வலி, நெஞ்சுப் படபடப்பு. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிடுங்கள் என்று தாய் அழுகிறார். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். "பிள்ளைக்கு ரத்தம் ஊறட்டும்" என்று பக்கத்து வீட்டு ஆச்சி ஒரு சட்டி சூரைக் குழம்பு கொடுத்திருக்கிறார். காரணம் அந்தச் சட்டியில் இருந்தது. சூரை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் சிறிது நேரம் கிடந்தாலே அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் கூடிவிடும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. அளவு குறைவாக இருந்தால் மற்றவர்கள் உடம்பு அதைச் சிதைத்துவிடும். நீ சாப்பிடும் ஐசோனியாசிட் மாத்திரை அந்தச் சிதைக்கும் வேலையைத் தடுக்கிறது. எல்லோருக்கும் இப்படி வருவதில்லை, வந்தால் வீடே கலங்கிப்போகும். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆகவே மருந்து முடியும் வரை சூரை, கானாங்கெளுத்தி, சூரைக் கருவாடு, மாசிக் கருவாடு எதுவும் வேண்டாம். அன்றன்றைக்கு நாட்டுப்படகில் வரும் விளமீன், காரல், நண்டு தாராளமாகச் சாப்பிடலாம். கொடுத்துவிடுகிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடு. வருத்தப்பட மாட்டார்கள், அடுத்த நாள் நண்டு வரும். அதே அன்போடு யாராவது ஈரலுக்கு நல்லது என்று கஷாயமோ சூரணமோ கொண்டுவந்தால் மட்டும் வாங்கி வைத்துவிட்டுக் குடிக்காமல் இரு. இந்த மாத்திரைகளுக்கே ஈரல் கடுமையாக உழைத்துக்கொண்டிருக்கிறது.

கடைசியாக, அந்த இரண்டு தோழிகள். இந்த ஓரிடத்தில் உன்னைக் கண்டிக்கத்தான் வேண்டும்.

நீ இருமிக்கொண்டிருந்த மாசி மாதம் முழுவதும் அவர்கள் உன்னோடு ஒரே அறையில், ஒரே மின்விசிறியின் கீழ், கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள். தட்டிலும் டம்ளரிலும் இந்த நோய் பரவுவதில்லை. உன் தட்டை அம்மா தனியாக வைத்திருந்தால் அதைச் சேர்த்து வைக்கச் சொல். இது பரவுவது இருமும் காற்றில். அவர்களுக்குத் தொற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. தொற்றியவர்களிலும் பெரும்பாலோருக்கு நோயாக மாறுவதில்லை. ஆனால் சோதித்துப் பார்க்க வேண்டும். நோய் இல்லை என்று தெரிந்தால் தேவைக்கேற்பத் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம். மஞ்சள் காமாலை என்ற பொய் அவர்களிடமிருந்து இதைப் பறித்துக்கொண்டிருக்கிறது. உனக்காக விரல் வலிக்கக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு நீ திருப்பித் தர ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாயே, இதோ இருக்கிறது. ஒரு பைசா செலவில்லை.

பயமாகத்தான் இருக்கும். ஒருத்தி இரண்டு நாள் பேசாமல் போகலாம். அவள் வீட்டில் கோபப்படலாம். விடுதியில் ஒரு முணுமுணுப்பு எழலாம். அப்படி எதுவும் நடக்காது என்று உன்னிடம் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் என் அனுபவத்தில், உண்மையை நோயாளி வாயால் முதலில் கேட்டவர்கள்தான் கூட நின்றிருக்கிறார்கள். வேறு வழியில் தெரிந்துகொண்டவர்கள், நோய்க்காக அல்ல, மறைத்ததற்காக விலகிப் போயிருக்கிறார்கள். நீண்ட விளக்கம் வேண்டாம். "எனக்கு வந்தது காமாலை இல்லை, காசநோய். இப்போது என்னிடமிருந்து பரவாது. ஆனால் நீங்கள் இருவரும் ஒரு எக்ஸ்ரேயும் சோதனையும் செய்துகொள்ள வேண்டும். பயந்து மறைத்துவிட்டேன், தப்பு என்னுடையது." இவ்வளவு போதும். தொண்டை அடைத்துக்கொண்டால் சுகாதாரப் பணியாளரிடம் அவர்கள் எண்களைக் கொடுத்து, உன் எதிரிலேயே பேசச் சொல். 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணை அவர்களிடமும் கொடுத்துவிடு. பயத்தில் எழும் கேள்விகளை உன்னிடம் கேட்கக் கூச்சப்படுவார்கள், அங்கே கேட்பார்கள். கல்லூரியில் முதல்வருக்கும் வருகைப்பதிவுக்கான மருத்துவச் சான்றிதழைப் பார்ப்பவருக்கும் தெரிந்தால் போதும். மற்ற யாருக்கும் நீ கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவர்களை வர வேண்டாம் என்று சொல்லாதே. சளியில் கிருமி இல்லாத உன் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் சாப்பிடலாம், ஒரே பாயில் படுத்துக் கதை பேசலாம். சாலைப் பாலத்தில் நின்று பார்த்தால் 2025இல் திறந்த புதிய பாலம் நன்றாகத் தெரியும். தூக்குவதைப் பார்க்க வேண்டுமானால் கப்பல் கடக்கும் நாளாக அமைய வேண்டும், தினமும் தூக்க மாட்டார்கள். அதையும் சொல்லி வை, பிறகு உன்னைக் குறை சொல்வார்கள். அங்கே காற்று பலமாக அடிக்கும். நீ அதிக தூரம் நடக்காதே. மூச்சு வாங்கினால் உட்கார்ந்துகொள்.

இருவரில் யார் முதல் மணியிலேயே போனை எடுப்பாள் என்று உனக்குத் தெரியும். அவளிடம் முதலில் சொல். அவர்கள் ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடு.